துப்பட்டி வெள்ளை

ஏரவாடாவில் மழை பிடித்துவிட்டால் நஜிமுதீன் அண்ணாச்சி வீட்டில் வேலை பாதியாகிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் காகிதம் ஊறும். சாயம் வைத்த இடத்தில் நிற்காது, பக்கத்தில் ஓடும். சேலைக்குத் தொட்ட பச்சை இடுப்பைத் தாண்டி ஆகாசத்தில் ஏறிவிடும். அதற்காகவே அக்தர் பானு கரி அடுப்பில் கங்கு போட்டு அறை மூலையில் வைத்துவிட்டுத்தான் பிரஷ்ஷைக் கையில் எடுப்பாள். கரி, படிகாரத் தண்ணீர், அடுக்களையில் கொதிக்கும் கறி ஆணம் மூன்றின் வாசனையும் அந்த அறையில் கலந்து கிடக்கும். மாடிப்படி இறங்கும்போதே எனக்குப் பசிக்க ஆரம்பித்துவிடும்.

அவர்கள் கீழ்வீடு, நான் மாடி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்று ஊரில் யாரும் துடிக்கவும் இல்லை. நான் பாளையங்கோட்டைக்காரி, அவர்கள் மேலப்பாளையம். ஊரில் இருந்திருந்தால் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டோம். புனேயில் ஒரே கட்டடத்தில் வந்து விழுந்ததும் ‘நம்ம ஊர்க்காரங்க’ ஆகிவிட்டோம். நாள் முழுக்க இந்தியும் மராட்டியும் பேசி நாக்கு செத்துப்போய் வருகிறவளுக்கு, ‘ஏ வேதாக்கா, வந்துட்டியளா’ என்று ஒரு குரல் கேட்டால் போதும். வேதநாயகி என்ற என் பேரை அந்த ஊரில் முழுசாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான், அவர்களும் அதைச் சுருக்கிவிட்டார்கள்.

அண்ணாச்சியின் தொழில் பழைய படங்கள். புதனும் ஞாயிறும் கூடும் ஜுனா பஜாரில் அட்டை பிய்ந்த இங்கிலீஷ் புத்தகங்களை எடைக்கு வாங்கி வருவார். வெள்ளைக்காரன் காலத்தில் செம்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி அச்சடித்த படங்கள் உள்ளே இருக்கும். எந்தெந்தத் தேசத்துச் சனம் என்னென்ன உடுத்துகிறது என்று அவன் போய்ப் பார்த்து வரைந்தவை. பம்பாய்ப் பக்கத்து மீன்காரி, வில் வைத்திருக்கும் மலைவாசி, பெரு நாட்டில் தொப்பி போட்டுக்கொண்டு கம்பளி போர்த்திய ஒரு குண்டுப் பெண்பிள்ளை. எல்லாம் வெறும் கறுப்புக் கோடு. அண்ணாச்சி பக்கத்தை அறுத்து, படிகாரத் தண்ணீரில் துடைத்து, காயவைத்துப் பானுவிடம் கொடுப்பார். அவள் சாயம் ஏற்றுவாள். பிறகு அது கோரேகாவ் பார்க் பங்களாக்களுக்கு ‘கையால் வண்ணம் தீட்டிய புராதனப் படம்’ என்று போகும். அதில் பொய் ஒன்றும் இல்லை. படம் பழசு, கையால் தீட்டியதும் நிஜம். எந்தக் கை, எந்த வருஷம் என்று வாங்குகிறவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

படத்துக்கு அடியில் இருக்கும் இங்கிலீஷை வாசித்துச் சொல்வது என் வேலை.

“இது பெருவாம்ட்டி.”

“அது எங்கக்கா இருக்கு?”

“கடலுக்கு அந்தப் பக்கம்.”

“மலைக்காரியா?”

“மலை தெரியுதுல்லா பின்னால.”

“அப்ப செவப்பு. குளுருக்குச் செவப்புத்தான் உடுத்துவாவ” என்பாள். தேசம் பார்க்காமல் நிறம் தருவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பெருக்காரி மேலப்பாளையத்து ஜமுக்காளச் சிவப்பில் போய் ஒரு வக்கீல் வீட்டுச் சுவரில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. துணிக்கு மட்டும்தான் சாயம் போடுவாள். முகம், கை, கால் தொட மாட்டாள்.

“உசுருள்ள உருவத்த நான் உண்டாக்க மாட்டேன் அக்கா. நாளைக்கு மறுமையில இதுக்கு உசுரு குடுன்னு கேட்டா நான் எங்க போவேன்?”

“அப்ப அண்ணாச்சிட்ட கேக்க மாட்டாங்களா?”

அண்ணாச்சி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சொல்வார்: “அச்சடிச்சவன் வெள்ளைக்காரன். அவன்ட்ட கேக்கட்டும். நான் ஏற்கெனவே இருக்க மூஞ்சிக்குப் பவுடர்தான் போடுதேன்.”

ஆக, உடுப்பு அவள் கை, முகம் அவர் கை. தொழுகை நேரத்தில் படங்களையெல்லாம் குப்புறக் கவிழ்த்துவிடுவார்கள். பிறகு மறுபடி நிமிர்த்துவார்கள்.

மூன்றாவதாக ஒரு கையும் அந்த வீட்டில் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் மர்ஜானா. பத்து வயதிலேயே உம்மா பக்கத்தில் குந்திக்கொண்டு பிரஷ் பிடித்தவள். பானு தொழிலுக்குப் புதிதாக இருந்தபோது ஒரு தப்புச் செய்தாள். ஒன்பது கஜம் உடுத்திய மராட்டியப் பெண் முந்தானையைத் தலையில் போட்டிருப்பாள் இல்லையா, சேலை முழுக்கப் பச்சை பூசிவிட்டு, தலைக்கு மேலே வரும் பாகத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டாள். மேலப்பாளையத்துப் பெண்கள் வெளியே போகும்போது சேலைக்கு மேலே தலையோடு சேர்த்து ஒரு வெள்ளைத் துணி போர்த்துவார்கள், துப்பட்டி என்று பேர். தலையில் கிடப்பது துப்பட்டி, துப்பட்டி என்றால் வெள்ளை. வேறு மாதிரி யோசிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

“ஏளா, அது ஒரே சேலை. இடுப்புல பச்சையா இருந்தது தலையில எப்படி வெள்ளையாவும்? நடுவுல நீ போயி வெளுத்தியா?” என்று அண்ணாச்சி சிரித்தார். பானு திருத்திக்கொண்டாள். மகள் திருந்தவில்லை. உம்மாவிடம் முதலில் எப்படிப் பார்த்தாளோ அதுதான் அவளுக்குக் கடைசிவரை. தலையைக் கண்டால் வெள்ளை விட்டுவிடுவாள். அண்ணாச்சி கத்துவார், இவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்திலும் விடுவாள். நாங்கள் அவளுக்கு ‘துப்பட்டி’ என்றே பட்டப்பேர் வைத்திருந்தோம்.

தொண்ணூற்றேழில் அவளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை அண்ணாச்சியின் தங்கை மகன், மேலப்பாளையத்தில் பாய்க்கடை. பத்திரிகை கொடுத்து, ரயிலுக்கு டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டியாகிவிட்டது. புறப்படுகிற வாரத்தில் அவள் போய்விட்டாள். படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொண்டுவரும் அப்துல் ஹாதி என்ற பையனோடு. அவனும் முஸ்லிம்தான், ஆனால் உருதுக்காரன். அண்ணாச்சிக்கு மகள் போனதைவிடத் தங்கைக்கு முன்னால் தலை குனிந்ததுதான் தாங்கவில்லை. கட்டிய பெட்டியை அவிழ்க்காமல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“எனக்குப் பிள்ளையே இல்ல. இந்த வீட்டுல இனிமே அவ பேரு கேக்கப்படாது. பானு, உனக்கும்தான் சொல்லுதேன். தேடிப் போனேன்னு தெரிஞ்சா நீயும் அப்படியே போயிர வேண்டியதுதான்.”

பானு ஒரு சொல் பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். நானாக இருந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கி அவர் காலில் போட்டிருப்பேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா, மறுநாள் காலையில் கரி அடுப்பைப் பற்றவைத்து ஒரு மீன்காரிக்குச் சாயம் பூச உட்கார்ந்தாள். ரம்ஜானுக்கு மூன்று பேருக்கு வட்டிலப்பம் அவிப்பாள், எனக்கு ஒரு கிண்ணம் வரும், மீதி இரண்டு நாள் கிடக்கும். கொத்தமல்லித் தழை ஆய்ந்துகொண்டிருப்பாள், தெருவில் ஏதாவது ஒரு பிள்ளை தாயை ‘அம்மி’ என்று கூப்பிட்டால் கை நின்றுபோகும். அவ்வளவுதான். மகளைப் பற்றி அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. ஏழு வருஷம் ஒரு பேரை வாய்க்குள்ளேயே வைத்திருப்பது லேசா? புத்தி பேதலித்துப்போகும்.

இரண்டாயிரத்து நாலு மழைக்காலத்தில் பானுவுக்குக் கண் மங்கியது. சேலைக் கரையில் கோடு இரண்டாகத் தெரிகிறது என்றாள். நான் ஒரு நாள் லீவு போட்டு ஔந்தில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ராஜஸ்ரீ, மராட்டிக்காரி, நல்ல மாதிரி. காத்திருக்கும் அறையில் கூட்டம். ஜன்னலுக்கு வெளியே மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் நான்கு படங்கள் வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தன.

“ஏட்டி, பாத்தியா, உன் சரக்கு இங்கயும் வந்துட்டு” என்றேன்.

பானு எழுந்து போய்ச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள். முகத்தைக் கண்ணாடியில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தாள். பிறகு நெடுநேரம் திரும்பவே இல்லை. என் பக்கத்தில் இருந்த கிழவர் ‘அந்த அம்மாவுக்குச் சுத்தமாகப் பார்வை இல்லையா’ என்று மராட்டியில் விசாரித்தார்.

“அக்கா, இங்க வாங்க. இந்த ஓட்டையப் பாருங்க.”

படத்தின் இடது கீழ் மூலையில் மிளகு அளவு ஓட்டை. நான்கிலும் அதே இடத்தில். எனக்கு நினைவு வந்தது. போன வருஷம் அண்ணாச்சி ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தார், மராட்டிய நாட்டு உடுப்புகள் மட்டும் உள்ளது. பூச்சி ஒன்று முதல் பக்கத்தில் நுழைந்து நேர்கோட்டில் துளைத்துக் கடைசிப் பக்கம் வழியாக வெளியே போயிருந்தது. ‘ஓட்டை இருந்தாத்தான் பழசுன்னு நம்புவான், அடைக்காத’ என்று அவர் பானுவிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. அதில் பாதிப் படங்களுக்கு அவள் சாயம் போட்டாள். மீதிப் பாதியைச் சாயம் போடாமலே ஒரு பம்பாய் வியாபாரி கேட்டு வாங்கிக்கொண்டான் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

“இது அந்தப் பொஸ்தகம்தான அக்கா.”

“ஆமா, அதுக்கென்ன.”

“மூஞ்சி அவுக கை. கன்னத்துல அந்தச் செம்மண் நெறம் வேற ஆரும் வைக்க மாட்டாவ. உடுப்பு என் கை இல்ல.”

அதற்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்தார். நான் சும்மா இருப்பேனா? படம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். டாக்டருக்குச் சந்தோஷம். தன் அம்மா வீடு பழைய சாங்வியில் இருக்கிறதாம், மாவு மில்லுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு பெண் வீட்டிலேயே சட்டம் போட்டு விற்கிறாளாம். தாடி வைத்த ஒரு பெரியவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து படம் கொடுத்துவிட்டுப் போவாராம். ரொம்ப மரியாதையான மனுஷர் என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளா இந்த அண்ணாச்சி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ரிக்‌ஷாவில் ஏறியதும் கொட்டிவிட்டேன்.

“ஏட்டி, நான் சொல்லுதேன்னு வருத்தப்படாத. ஞாயித்துக்கிழமை பஜாருக்குப் போற மனுசன் இருட்டுனப்பொறவு வாராரே, ஒரு நாளாவது கேட்டியா? சாங்வியில எவளையோ வச்சிருக்காரு.”

பானு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மருந்து விட்ட கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

“அப்படி இருந்தாத் தேவலையே அக்கா” என்றாள்.

“என்னட்டி சொல்லுத?”

“தலையில வெள்ளை விட்டிருக்கு. நாலு படத்துலயும். பச்சைச் சேலை, தலை வெள்ளை. மாம்பழச் சேலை, தலை வெள்ளை. உங்களுக்குத் தெரியலையா?”

எனக்குத் தெரியவில்லை. நான்கு படத்தையும் பார்த்தவள்தான், வெள்ளையைக் கவனிக்கவில்லை. ரிக்‌ஷா பண்டு கார்டன் பாலத்தில் நெரிசலில் நின்றுவிட்டது, கீழே முளா-முட்டா ஆறு சேறாக ஓடியது.

“மர்ஜானாவா?” என்றேன்.

ஏழு வருஷத்துக்கப்புறம் அந்தப் பேரைச் சொன்னது நான்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்கு அண்ணாச்சி வெளியூர். நான் கீழ்வீட்டு அடுக்களையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பானு வெங்காயம் உரித்தாள், தேங்காய் அரைத்தாள், பொரித்த மீனைத் திருப்பிப் போட்டாள். யாருக்குச் சமைக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. இடையிடையே பேசினாள்.

“ஞாயித்துக்கிழமை வந்தா அவுகளுக்குப் பசிக்காது அக்கா. பஜார்ல வடாபாவ் தின்னுட்டேன் பானும்பாவ. நானும் வயித்துக்கு ஆவாதேன்னு சண்டை போடுவேன். வடாபாவ் இல்லக்கா அது. அவ கை ஆணம்.”

“ரெண்டு பேருமா சேந்து உன்னைய மடச்சி ஆக்கிட்டாங்க.”

“அவுகதான பேரச் சொல்லாதன்னாவ. அவுகதான பிள்ளையே இல்லன்னாவ. நான் ஒத்துக்கிட்டேன். சரி, அவுகளுக்கு மனசு ஒடஞ்சு போச்சு, நானும் சேந்து ஒடஞ்சு கெடப்போம், ரெண்டு பேருக்கும் ஒரே துக்கம்னு இருந்தேன். இப்ப பாத்தா நான் மட்டும்தான் துக்கத்துல இருந்திருக்கேன். ஒத்தையில. அவுக போயிச் சாப்புட்டு வந்திருக்காவ.”

“அவரு வந்ததும் கேளு.”

“கேட்டா இல்லம்பாவ. இல்லன்னா அவளக் கூட்டிட்டு வேற எங்கயாவது போயிருவாவ. மொதல்ல நான் அவளப் பாக்கணும். ஒருதடவ பாத்துட்டேன்னா பொறவு என்ன வேணாலும் நடக்கட்டும்.”

மீன் கருகிவிட்டது. அப்படியே எடுத்துத் தட்டில் வைத்தாள், நானும் தின்றேன்.

அடுத்த புதன்கிழமை அண்ணாச்சி பஜாருக்குக் கிளம்பியதும் நாங்கள் புறப்பட்டோம். மனபா பஸ் ஸ்டாண்டில் இறங்கி சாங்வி பஸ் பிடித்தோம். பானு வழியெல்லாம் முட்டியில் வைத்திருந்த தூக்குவாளியைத் திறந்து திறந்து பார்த்தாள். இடியாப்பமும் கோழி ஆணமும். ‘உனக்குப் புத்தி இருக்கா, முதல்முதலா போறோம், தூக்குவாளியோடவா’ என்று நான் திட்டியதற்கு, ‘வெறுங்கையோட எப்படி அக்கா போவ’ என்றாள். மாவு மில்லைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, தெரு முழுக்க ஜோவார் மாவு வாசனை. சந்துக்குள் முழங்கால் சேறு. ஒரு வாசலில் சட்டக் கட்டைகள் தார்ப்பாயால் மூடிக் கிடந்தன.

கதவைத் திறந்தது ஐந்து வயது இருக்கும் ஒரு சின்னப் பெண். எங்களை ஏற இறங்கப் பார்த்தது. “அம்மி, தோ ஆன்ட்டி ஆயி ஹைன்” என்று, இரண்டு பேர் வந்திருப்பதை உள்ளே பார்த்துக் கத்தியது.

மர்ஜானா பிரஷ்ஷோடு வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். நெற்றி ஓரத்தில் இரண்டு மயிர் நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் பின்னால் போனாள், முன்னால் வரவில்லை. ஒரு அடி, இரண்டு அடி என்று பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டி நின்றாள். அதைப் பார்த்ததும் பானு வாசலிலேயே நின்றுவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி, உன் உம்மா சேத்துல நிக்கா. உள்ள கூப்பிடு.”

“நீங்க… நீங்க எப்படி வந்தீங்க உம்மா?” என்றாள் மர்ஜானா. தமிழ் தடுமாறியது. வீட்டில் பேச ஆளில்லாமல், ஞாயிற்றுக்கிழமைத் தமிழாகப் போயிருந்தது. “வரமாட்டேன்னு சொன்னீங்கல்ல.”

“ஆரு சொன்னா?”

“வாப்பா. நீங்க கஸம் சாப்பிட்டீங்கன்னு சொன்னாங்க. நான் செத்தா என் மையித்து பாக்கக்கூட வரமாட்டேன்னு, குர்ஆன் மேல கை வச்சு.”

இந்தியில் கஸம் கானா என்பார்களே, சத்தியம் செய்வதற்கு, அதைத்தான் அப்படியே தமிழில் வைத்துச் சாப்பிட்டீங்க என்கிறாள். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

“அவங்க அஞ்சு வருஷமா சொல்றாங்க உம்மா. இவ பொறந்தப்ப முதல்ல வந்தாங்க. நான் கேட்டேன், உம்மா எங்கன்னு. உன் உம்மா மனசு கல்லு, என்னாலயும் திருப்ப முடியல, நான் திருட்டுத்தனமா வரேன், அவளுக்குத் தெரிஞ்சா என்னையும் விடமாட்டான்னு சொன்னாங்க. நான் ஒருதடவ ஏரவாடா வந்தேன். நீங்க கயித்துல துணி போட்டுட்டு இருந்தீங்க. கேட்டுக்கு வெளியில நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். கூப்பிட பயம். நீங்க திரும்பி என்னைப் பாத்து மூஞ்சி திருப்பிட்டா நான் என்ன செய்வேன்?”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. உத்தரவு போட்டது அவர், பேரைத் தடுத்தது அவர், கடைசியில் கல்நெஞ்சுக்காரி இவள். ‘ஏட்டி, உன் வாப்பா இருக்காரே’ என்று நான் வாயெடுத்தேன். அவ்வளவுதான் முடிந்தது. பானுவின் கை என் விலாவில் இறங்கியது. கிள்ளினாள் என்றால் அப்படி ஒரு கிள்ளு, சேலைக்குள் கன்றிப்போய்விட்டது.

“ஆமா” என்றாள் பானு. “சொன்னேன்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“கோவத்துல சொன்னேன்ளா. ஒரு வேகத்துல வாயில வந்துட்டு. உங்க வாப்பா எவ்வளவோ சொன்னாவ, நான்தான் கேக்கல. நீ மனசுல வச்சுக்கிடாத.”

மர்ஜானா சுவரை விட்டு வந்தாள். உம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “ஏன் உம்மா, ஏன் அப்படிச் சொன்னீங்க, நான் என்ன பெரிய தப்புப் பண்ணினேன்” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். செய்யாத ஒன்றுக்குப் பானு பதில் தேடிக்கொண்டு நின்றாள். “புத்தி இல்லளா எனக்கு” என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. அதையே நாலைந்து தடவை சொன்னாள்.

சின்னப் பெண் தூக்குவாளியைத் திறந்து மோந்து பார்த்தது. “நானிம்மா, யே க்யா ஹை?” என்றது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதுவாகப் பானுவை நானி ஆக்கிக்கொண்டது; உருதுவில் அம்மாவைப் பெற்ற தாத்தா நானா, பாட்டி நானி. பானு சேற்றுக் காலோடு தரையில் உட்கார்ந்து, இடியாப்பத்தைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். ஹாதி வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலம்வரை இருந்தோம். மர்ஜானா டீ போட்டாள், புழுங்கலரிசிச் சோறு வைத்தாள், படங்களைக் காட்டினாள். அவள் பேசப் பேச உம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் மகள் சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் இடையில் ஒருமுறை, சும்மா பேசிக்கொண்டிருந்தவள், “வாப்பா மட்டும் இல்லேன்னா நான் செத்திருப்பேன் உம்மா” என்றாள். பானு அதற்கும் “ஆமளா” என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் சண்டை போட்டேன்.

“உனக்கு என்ன கிறுக்கா? செய்யாத தப்ப எதுக்குட்டி ஒத்துக்கிட்ட?”

“வேற என்ன சொல்ல?”

“நடந்ததச் சொல்ல வேண்டியதுதான. அவரு முகத்திரை கிழியட்டும்.”

“கிழிச்சா அவளுக்கு ஆரு இருக்கா அக்கா? ஏழு வருசத்துல அவளுக்கு இருந்தது வாப்பா ஒருத்தருதான். அதையும் பொய்யின்னு சொல்லி எடுத்துட்டா, நான் அவளுக்கு என்னத்தக் குடுப்பேன்? ஒரு தூக்குவாளி இடியாப்பமா?”

மனபா ஸ்டாண்டில் மழையில் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நின்றோம்.

வீட்டுக்கு வரும்போது அண்ணாச்சி வந்துவிட்டிருந்தார். விளக்கைப் போட்டு, ஒரு பழைய புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கம் அறுத்துக்கொண்டிருந்தார். நான் மாடிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. குடையை உலர்த்துகிறேன் என்று கதவோரம் நின்றுகொண்டேன்.

“எங்க போயிருந்தீய ரெண்டு பேரும், இந்த மழையில?”

“சாங்விக்கு” என்றாள் பானு.

அவர் கையிலிருந்த கத்தி காகிதத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ‘யார் சொன்னது’ என்றுகூடக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாத்தியா?”

“பாத்தேன். பிள்ளைக்கு உங்க மூக்கு.”

“அவ என்ன சொன்னா?”

“அவ மையித்தைக்கூடப் பாக்க வரமாட்டேன்னு நான் சத்தியம் பண்ணியிருக்கேனாம்.”

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “பிள்ளை பொறந்திருக்குன்னு தெரிஞ்சதும் கால் நிக்கல பானு. போயிட்டேன். போனவொடனே உம்மா வரலயான்னு கேட்டா. நான்தான் விடலன்னு சொல்ல வாய் வரல. பெத்த பிள்ளைட்ட எப்படிச் சொல்ல? என்னமோ சொல்லிட்டேன். பொறவு அதக் காப்பாத்த இன்னொண்ணு சொன்னேன். ஒன்ட்டயும் சொல்ல முடியல. சொன்னா, அப்ப என்னைய மட்டும் ஏன் தடுத்தீயன்னுதான் நீ மொதல்ல கேப்பன்னு எனக்குத் தெரியும்.”

“அவ ஏரவாடா வந்து கேட்ல நின்னுட்டுப் போயிருக்கா. நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அது தெரியுமா உங்களுக்கு?”

அவருக்குத் தெரிந்திருந்தது. தலை இன்னும் தாழ்ந்தது.

“நீ… நீ என்ன சொன்ன அவகிட்ட?”

“நீங்க சொன்னதத்தான் நானும் சொன்னேன்.”

அண்ணாச்சி அழுதார். தாடி ஆடியது, சத்தம் வரவில்லை. வயதான ஆம்பிளை அழுவதைப் பார்க்க நன்றாக இருக்காது. எனக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை, அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமும் இல்லை.

“என்னையக் காட்டிக்குடுத்திருக்கலாம்லா.”

“குடுத்திருக்கலாம்” என்றாள் பானு. ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். அரிசி களையும் சத்தம் கேட்டது.

அண்ணாச்சி எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றார். “இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேந்து போவோம் பானு. நானே அவகிட்ட உண்மையச் சொல்லிருதேன்.”

“வேண்டாம். ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க எப்பவும் போல ஞாயித்துக்கிழமை போங்க. நான் புதங்கிழமை போயிக்கிடுதேன்.”

“ஏளா, சேந்து போனா அவ சந்தோசப்படுவா.”

“படுவா. அவ முன்னால உங்க பக்கத்துல உக்காந்து நான் சிரிக்கணும்லா. அது என்னால முடியாது.”

அவர் வாசலிலேயே நின்றார். பானு உலையில் அரிசியைப் போட்டு மூடினாள்.

அப்படியே நடந்தது. அதற்கப்புறமும் இரண்டு பேரும் ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அவள் உடுப்புக்கும் அவர் முகத்துக்கும் சாயம் போட்டார்கள். படத்தைக் கொடுப்பார், வாங்குவாள், பேச்சு கிடையாது. சாங்விப் பிள்ளைக்கு மட்டும் நானாவும் நானியும் கிடைத்தார்கள், ஒருவர் ஞாயிறு, ஒருவர் புதன்.